பழைய காரின் சஸ்பென்ஷன் போல்ட்டுகள்: பார்ப்பது, கழற்றுவது, மாற்றுவது

பிரேக்கை மிதித்தால் ஒரு "டக்". நின்ற வண்டி மறுபடி கிளம்பினால் இன்னொரு "டக்". மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஒன்றும் கேட்காது. பதினெட்டு வயதான என் காரில் இந்தச் சத்தத்தைத் துரத்திக்கொண்டு ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு) மாற்றினேன், அப்புறம் ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பரும் பெரும்பாலும் சுருள் வில்லும் சேர்ந்த தூணின்) மேல் மவுன்ட், அப்புறம் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும். சத்தம் அசையவில்லை. கடைசியில் லோயர் ஆர்மை (சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கையை) பிடித்திருக்கும் பின்பக்க போல்ட்டை உருவிப் பார்த்தால், அதன் நடுவில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு வளையம் தேய்ந்திருந்தது. அதுவரை மாற்றிய அத்தனை சாமானிலும் விலை குறைவானது இந்த போல்ட்தான்.

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். நான் முதலில் தப்பான போல்ட்டைப் போட்டேன். அடுத்த முறை சரியான போல்ட்டைத் தப்பான நிலையில் இறுக்கினேன். ஆக, ஒரே வேலையை மூன்று தடவை செய்தேன். நீங்கள் ஒரே தடவையில் முடிக்கத்தான் இந்தக் கட்டுரை.

சக்கரம் மாற்றி, பிரேக் பேட் மாற்றிப் பழகியவர்கள் இதை முழுதாகச் செய்யலாம். காருக்கு அடியில் போனதே இல்லை என்றால் முதல் மூன்று படிகளோடு நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள். அப்போதும் மிச்சத்தைப் படித்து வைப்பது நல்லது. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும்.

1. எந்த போல்ட், அது என்ன வேலை செய்கிறது

நானும் இந்த போல்ட்டைக் கதவுக் கீலின் ஆணி மாதிரிதான் நினைத்திருந்தேன்: ஆர்ம் மேலும் கீழும் ஆடும், போல்ட் அதற்கு நடுவில் அச்சாக நிற்கும் என்று. அப்படி இல்லை. ஆர்மின் முனையில் ரப்பர் புஷ் இருக்கிறது, அதன் நடுவே ஓர் இரும்புக் குழாய். போல்ட்டை இறுக்கும்போது பிராக்கெட்டின் (ஆர்ம் மாட்டும் இரும்புத் தாங்கியின்) இரண்டு காதுகளும் அந்தக் குழாயை இரு பக்கமும் நசுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. குழாய் இம்மியும் நகரக் கூடாது. ஆர்மின் ஆட்டமெல்லாம் ரப்பர் முறுகுவதில்தான் நடக்கிறது. போல்ட்டின் வேலை இறுக்கிப் பிடிப்பது மட்டுமே.

அந்தப் பிடி தளர்ந்தால் குழாய் நகர ஆரம்பிக்கும். ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னும் பின்னுமாகப் போய் போல்ட்டின் உடம்பில் இடிக்கும். உரசும், தேயும், பிராக்கெட்டின் ஓட்டை முட்டை வடிவமாகும். அதனால் "போல்ட் தேய்ந்திருக்கிறது" என்று கண்டால், தளர்ந்த பிறகுதான் தேய்ந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் தளர்ந்தது என்பதையும் பார்க்காமல் புதியதைப் போட்டால் அதுவும் தேயும்.

பார்க்க வேண்டிய இடங்கள் பல கார்களிலும் ஏறத்தாழ ஒன்றே. லோயர் ஆர்மை சப்ஃப்ரேமில் (பாடிக்கு அடியில் மாட்டியிருக்கும் இரும்புச் சட்டத்தில்) பிடிக்கும் முன், பின் போல்ட்டுகள். ஸ்ட்ரட்டின் அடிப்பகுதியை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு பிடிக்கும் இரண்டு போல்ட்டுகள். ஆர்மையும் நக்கிளையும் இணைக்கும் பந்து மூட்டான பால் ஜாயின்ட்டின் தண்டைக் கவ்வும் போல்ட். ஸ்டெபிலைசர் லிங்க் நட்டுகள். சப்ஃப்ரேமையே பாடியில் பிடித்திருக்கும் பெரிய போல்ட்டுகள். பின்பக்கம், பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் டிரெயிலிங் ஆர்மின் போல்ட்டுகளும், சில கார்களில் தலையடியில் மையம் விலகிய வட்டத்தகடு கொண்ட கேம் போல்ட்டுகளும் இருக்கும். இந்தக் கேம் போல்ட்டுகளைத் திருப்பித்தான் சக்கரக் கோணத்தைச் சரிசெய்கிறார்கள். அதனால் இவற்றை மட்டும் தனி மரியாதையோடு தொடுங்கள்.

2. முதலில் காகிதம்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் நான்கு விஷயங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஒன்று, உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய பட்டறைக் கையேடு. வண்டியோடு வரும் உரிமையாளர் கையேட்டில் இந்த விவரம் இருக்காது. உங்களுக்கு வேண்டியது ஒவ்வொரு போல்ட்டையும் எத்தனை நியூட்டன் மீட்டருக்கு (முறுக்கின் அளவு) இறுக்க வேண்டும் என்ற பட்டியல். சில இடங்களில் "70 நியூட்டன் மீட்டர், அதன் மேல் 90 டிகிரி" என்கிற மாதிரி எழுதியிருக்கும். அப்படி இருந்தால் அந்த போல்ட் கொஞ்சம் நீளும்படி இறுக்கப்படுவது. பெரும்பாலும் ஒரு முறை கழற்றினால் திரும்பப் போடக் கூடாத வகை. கையேட்டில் "மறுபடி பயன்படுத்தக் கூடாது" என்ற குறி இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் பாருங்கள்.

இரண்டு, சேசிஸ் எண். ஒரே மாடலிலேயே ஆண்டின் நடுவில் சப்ஃப்ரேம் மாறியிருக்கலாம், போல்ட்டின் நீளம் மாறியிருக்கலாம். மாடல் பெயரை மட்டும் சொல்லி சாமான் கேட்காதீர்கள், சேசிஸ் எண்ணைக் கொடுத்து பாகத்தின் எண்ணை எழுதி வாங்குங்கள். பழைய எண் நிறுத்தப்பட்டு அதற்குப் பதில் புதிய எண் வந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று, கடைசியாக எடுத்த வீல் அலைன்மென்ட் (சக்கரக் கோணச் சோதனை) அறிக்கை. பழைய கோணங்கள் தெரிந்தால், வேலைக்குப் பிறகு என்ன மாறியது என்று ஒப்பிடலாம். இல்லாவிட்டால் பரவாயில்லை.

நான்கு, முந்தைய பில்கள். ஆர்மோ புஷ்ஷோ கிளட்ச்சோ எப்போதாவது மாற்றியிருந்தால் அதற்காக இந்த போல்ட்டுகளை யாரோ கழற்றியிருப்பார்கள். என் காரில் சத்தம் தொடங்கியதற்கு எட்டு மாதம் முன்னால் ஒரு பட்டறையில் கிளட்ச் மாற்றியிருந்தேன். சப்ஃப்ரேமை இறக்கி ஏற்றியிருக்கிறார்கள், பின் போல்ட்டைச் சரியாக இறுக்கவில்லை. பில்லைப் புரட்டியிருந்தால் இரண்டு ஷாக் அப்சார்பர் மிச்சமாகியிருக்கும்.

3. கழற்றாமலே பார்த்துவிடுங்கள்

முதலில் காதால். பிரேக்கில் ஒன்று, கிளம்பும்போது ஒன்று என்று ஒற்றைச் சத்தமாக வந்தால் ஆர்ம் போல்ட் பக்கம் சந்தேகம் போகட்டும். சின்னக் குழிகளில் "தடதட" என்று தொடர்ந்தால் அது பெரும்பாலும் லிங்க் அல்லது ஷாக் அப்சார்பர் மவுன்ட். முன்னால் போய் நிறுத்தி, ரிவர்ஸில் போட்டு மறுபடி நிறுத்திப் பாருங்கள். திசை மாறிய பிறகு வரும் முதல் பிரேக்கில் மட்டும் சத்தம் கேட்டால் ஏதோ ஒன்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் இடம் மாறுகிறது என்று அர்த்தம். நேராகப் போகும்போது ஸ்டியரிங் ஒரு நாள் நடுவிலும் மறுநாள் சற்றுக் கோணலாகவும் நின்றால் அதுவும் இதே கதைதான்.

அப்புறம் கண்ணால். டார்ச் அடித்து போல்ட் தலையைச் சுற்றிப் பாருங்கள். பழைய வண்டியில் எல்லா இடமும் துருவாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தேட வேண்டியது வாஷரின் விளிம்பிலிருந்து கசிந்த மாதிரி வழிந்திருக்கும் சிவப்புப் பொடி. இரண்டு இரும்பு உரசும் இடத்தில்தான் அந்த மிருதுவான பொடி வரும். தலைக்கு அடியில் பளபளவென்று ஒரு பிறை தெரிந்தால், அழுக்குப் படிய நேரமில்லாமல் அந்த இடம் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

கடைசியாக விரலால். எனக்குப் பிடிபட்டது இப்படித்தான். இன்ஜினை அணைத்துவிட்டு, சக்கரங்கள் தரையில் இருக்க, கை பிரேக் போடாமல் ஒருவர் உள்ளே உட்கார்ந்து கால் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் வெளியிலிருந்து காரை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். சமதளம் அவசியம், பின்சக்கரங்களுக்கு அண்டைக் கொடுத்துவிடுங்கள், அண்டைக்கும் சக்கரத்துக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி போதும். நீங்கள் பக்கவாட்டிலிருந்து கையை மட்டும் நீட்டி, ஆட்காட்டி விரலின் பாதி பிராக்கெட்டிலும் பாதி போல்ட் தலையிலும் படும்படி வையுங்கள். ரப்பர் நெளிவது வேறு, இரும்பு இடிப்பது வேறு. இரும்பு இடித்தால் விரல் நுனியில் சுள்ளென்று தெரியும், காதுக்குக் கேட்காத அளவு சின்ன இடிகூட.

ஒரு எச்சரிக்கை. சந்தேகம் வந்ததும் அந்த போல்ட்டை இறுக்கிப் பார்க்கத் தோன்றும். சத்தம் நின்றும்விடும், அதுதான் பொறி. ஏற்கெனவே தேய்ந்த போல்ட்டை இறுக்கினால் பிடி சில வாரம் தாங்கும், பிறகு தளரும். சந்தேகப்பட்ட போல்ட்டை உருவிப் பார்க்காமல் விடாதீர்கள்.

4. செலவு எங்கே போகும், நேரம் எங்கே போகும்

போல்ட்டின் விலையைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். செலவு மூன்று இடத்தில் இருக்கிறது: வெளியே வராத போல்ட்டோடு சேர்ந்து போகும் ஆர்ம் அல்லது புஷ், வேலை முடிந்த பிறகு அலைன்மென்ட், கையில் இல்லாத கருவிகள். இதில் முதலாவதுதான் ஆளை மாட்டிவிடும். பழைய காரில் போல்ட் துருப்பிடித்துப் புஷ்ஷின் குழாயோடு ஒன்றாகிப்போயிருக்கும். அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும், அறுத்தால் புஷ் தப்பாது. புஷ்ஷை மட்டும் மாற்ற பிரஸ் வேண்டும். அதனால் பல நேரம் புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும் சேர்ந்த முழு ஆர்மாக வாங்குவதுதான் கணக்குக்கு ஒத்துவரும்.

என் யோசனை இது: காரைத் தூக்குவதற்கு முன் ஆர்ம், போல்ட், நட் எல்லாம் வீட்டில் இருக்கட்டும். போல்ட் சுமுகமாக வந்து ஆர்ம் தேவைப்படாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாமா என்று வாங்கும்போதே கேட்டு, அதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். அறுத்துப் போட்ட ஆர்மோடு நான்கு நாள் வண்டி ஸ்டாண்டில் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன்.

நேரம்: சாமான் வந்து சேர எத்தனை நாள் என்பதே முதல் கணக்கு. அது வந்த பிறகு, துருநீக்கி எண்ணெய் அடித்து ஊறவைக்க இரண்டு மூன்று நாள். கழற்றி மாட்ட, முதல் முறை செய்பவருக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு முழு நாள். இரண்டு மணி நேரம் என்று யாராவது சொன்னால் அவர் போல்ட் துருப்பிடிக்காதது. அலைன்மென்ட்டுக்கு மறுநாள் காலை நேரம் வாங்கி வையுங்கள், அதுவரை வேறு எங்கேயும் போகாதீர்கள்.

5. சரியான போல்ட் வாங்குவது

நான் முதலில் சறுக்கிய இடம். பழைய போல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அதே தடிமன், அதே நீளம் என்று ஒன்றை வாங்கி மாட்டினேன். மரையும் சேர்ந்தது. ஆனால் புதியதில் தலை வரைக்கும் மரை ஓடியது. பழையதில் நுனியில் மட்டும்தான் மரை, மற்றதெல்லாம் வழவழப்பான உடம்பு. மரையின் முகடுகள் பிராக்கெட் ஓட்டைக்குள் உட்கார்ந்தால் அரம் மாதிரி வேலை செய்யும். ஓட்டையைத் தொடும் இடமெல்லாம் வழவழப்பான உடம்பாகவே இருக்க வேண்டும்.

அடுத்தது தலையில் பொறித்திருக்கும் எண். 8.8, 10.9, 12.9 என்று இருக்கும். முதல் எண்ணை 100-ஆல் பெருக்கினால் அறுந்துபோகும் வலிமை மெகாபாஸ்கலில் கிடைக்கும். புள்ளிக்குப் பின்னால் உள்ளது, அதில் பத்தில் எத்தனை பங்கு வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பது. 10.9 என்றால் அறுபட 1000, நீளாமல் தாங்குவது 900. பழையதில் 10.9 இருந்தால் 10.9 தான். 8.8 போட்டால் அதே இறுக்கத்தில் நீண்டுவிடும். 12.9 இன்னும் நல்லதுதானே என்று நினைக்கவும் வேண்டாம், அதிகக் கடினமானது துருவும் அதிர்ச்சியும் உள்ள இடத்தில் திடீரென்று வெடிக்க வாய்ப்பு அதிகம். துருப்பிடிக்காதே என்று ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுகிறவர்களும் உண்டு. ஏ2-70 என்று பொறித்த சாதாரண ஸ்டெயின்லெஸ்ஸின் வலிமை 700 மெகாபாஸ்கல், 8.8-ஐவிடவும் குறைவு. சஸ்பென்ஷன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மரை இடைவெளியிலும் ஏமாறலாம். 12 மி.மீ. போல்ட்டில் மட்டும் 1.25, 1.5, 1.75 என்று மூன்று வகை புழக்கத்தில் இருக்கின்றன. தப்பானது இரண்டு மூன்று சுற்று சுகமாக ஏறி, அப்புறம் பிடித்துக்கொள்ளும். அங்கே ஸ்பேனரைப் போட்டு அமுக்கினால் மரை போய்விடும். புதிய போல்ட்டும் புதிய நட்டும் வந்ததும் மேசையில் வைத்து ஒன்றோடொன்று விரலாலேயே முழுக்க ஏற்றிப் பாருங்கள். நட்டில் நைலான் வளையம் இருந்தால் அந்த வளையம் வரை வந்தால் போதும்.

சுருக்கமாக, பாகத்தின் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். நைலான் நட், நசுக்கி இறுக்கமாக்கிய நட் எதுவானாலும் புதியது.

6. மூன்று நாள் முன்பிருந்தே

கம்பி பிரஷ்ஷால் போல்ட்டின் வெளியே தெரியும் மரையைச் சுத்தம் செய்யுங்கள். அங்கே மண் இருந்தால் நட் கழன்று வரும் வழியில் அது மரைக்குள் அரைபட்டுச் சிக்கிக்கொள்ளும். அப்புறம் துருநீக்கி எண்ணெயை நட் பக்கமும் தலைப் பக்கமும் தினமும் சாயங்காலம் ஒரு முறை அடியுங்கள். வெறும் மசகு எண்ணெய் வேண்டாம், துருவுக்குள் ஊடுருவும் வகையாக இருக்க வேண்டும். பிரேக் டிஸ்க்கில் படாமல் ஒரு அட்டையைக் குறுக்கே பிடித்துக்கொள்ளுங்கள்.

கருவிகள்: ஆறு முனை சாக்கெட், நீளமான கைப்பிடி, மறுபக்கத்துக்கு ரிங் ஸ்பேனர், சுத்தியல், பித்தளை அல்லது செம்புத் தண்டு, லீவர், பெயின்ட் மார்க்கர், டேப், வெர்னியர் (தடிமனை நுட்பமாக அளக்கும் கருவி), டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து இறுக்கும் ஸ்பேனர்). பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த நட்டின் மூலையை உருட்டிவிடும். டார்க் ரெஞ்ச் உங்கள் போல்ட்டுக்கான எண்ணை அதன் அளவுகோலின் நடுப்பகுதியில் காட்டுவதாக இருக்கட்டும், கடைக்கோடியில் நம்ப முடியாது. அதைக் கழற்றப் பயன்படுத்தவே கூடாது.

7. தூக்குவதற்கு முன் ஒரு அளவு

இதை விட்டுவிட்டால் ஒன்பதாம் படியில் அழ வேண்டிவரும். கார் சமதளத்தில் நிற்கும்போது, சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, எண்ணை ஒரு டேப் துண்டில் எழுதி மட்கார்டிலேயே ஒட்டிவிடுங்கள். இரண்டு பக்கமும்.

அப்புறம் சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்தி, எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு அண்டைக் கொடுத்து, கையேடு சொல்லும் இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஆக்ஸில் ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஒரு நிமிஷ வேலைக்கும் கூடாது. ஸ்டாண்டில் நின்ற காரை இடுப்பால் தள்ளி உலுக்கிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும்.

உங்கள் காரில் சுருள் வில் ஸ்ட்ரட்டில் இல்லாமல் ஆர்மின் மேல் உட்கார்ந்திருந்தால் இங்கேயே நிறுத்துங்கள். அந்த ஆர்மின் போல்ட்டை எடுத்தால் அமுங்கியிருக்கும் வில் விடுபட்டுப் பாயும். அது பட்டறை வேலை. ஸ்ட்ரட்டின் உச்சியில் நடுவில் இருக்கும் நட்டையும் எந்தக் காரிலும் தொடாதீர்கள், காரணம் அதேதான்.

8. கழற்றுதல்

கேம் போல்ட்டாக இருந்தால் வட்டத்தகடு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பெயின்ட் மார்க்கரால் தகட்டிலும் பிராக்கெட்டிலும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள், போட்டோவும் எடுங்கள். ஸ்ட்ரட் போல்ட்டுகளுக்கும் நக்கிளில் ஒரு கோடு நல்லது.

தலைக்கு அடியில் பல் வெட்டிய ஸ்ட்ரட் போல்ட்டுகள் உண்டு. அவற்றில் போல்ட்டைத் திருப்பக் கூடாது, தலையைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்ப வேண்டும். போல்ட் சுழன்றால் அந்தப் பற்கள் ஓட்டையை அரைத்துப் பெரிதாக்கும். சப்ஃப்ரேமுக்குள் பற்றவைத்த நட்டில் ஏறும் போல்ட் என்றால் நேர்மாறு: நட் கண்ணுக்கே தெரியாது, போல்ட்டைத்தான் திருப்ப வேண்டும். இந்த வகையில் பொறுமை ரொம்ப முக்கியம். கால் சுற்று தளர்த்தி, எட்டில் ஒரு சுற்று திரும்ப இறுக்கி, எண்ணெய் அடித்து, மறுபடி கால் சுற்று. கீச்சென்று சத்தம் வந்தால் நிறுத்திவிட்டு ஆறவிடுங்கள். உள்ளே இருக்கும் நட் பிய்ந்து சுழல ஆரம்பித்தால் சப்ஃப்ரேமை வெட்டித் திறக்க வேண்டிவரும்.

நட் வந்துவிட்டது, போல்ட் வரவில்லை. இதுதான் பழைய காரில் சகஜம். முதலில் தலையைச் சாக்கெட்டால் திருப்பிப் பாருங்கள். தலை திரும்பும்போது புஷ்ஷின் குழாயும் சேர்ந்து திரும்பி, விட்டதும் ரப்பர் இழுத்துப் பழைய இடத்துக்கே வந்தால் இரண்டும் துருவில் ஒட்டிக்கொண்டுவிட்டன. நட்டை மரையின் நுனியோடு சமமாக வரும்வரை திரும்ப ஏற்றி, பித்தளைத் தண்டை வைத்து அடியுங்கள். நேராக மரையில் சுத்தியல் பட்டால் நுனி பூ மாதிரி விரிந்து எந்த ஓட்டை வழியாகவும் வராது.

அதுவும் ஆகாவிட்டால் சுடலாம் என்பார்கள். வேலை செய்யும், ஆனால் பக்கத்தில் ரப்பர், பிரேக் ஹோஸ், பெட்ரோல் குழாய். சுடரில்லாத இண்டக்‌ஷன் ஹீட்டர் கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் நான் சுட மாட்டேன், அறுப்பேன். புஷ்ஷின் பக்கவாட்டுக்கும் பிராக்கெட் காதுக்கும் இடையே உள்ள சந்தில் மெல்லிய உலோக வாளை நுழைத்து இரு பக்கமும் அறுத்தால் ஆர்ம் நடுத்துண்டோடு கீழே வந்துவிடும். போல்ட் கடினமான இரும்பு, பிளேடு இரண்டு மூன்று போகும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிராக்கெட் காதில் பிளேடு படவே கூடாது.

பால் ஜாயின்ட்டின் கவ்வு போல்ட் பற்றி ஒன்று. அது தண்டில் இருக்கும் ஒரு பள்ளத்தின் வழியாகக் குறுக்கே போகிறது. பாதி உருவிவிட்டு ஆர்மை அடித்தால் இறங்காது, முழுக்க எடுக்க வேண்டும். பிறகு கவ்வின் பிளவில் ஆப்பை மெதுவாகச் செலுத்தினால் தண்டு வந்துவிடும், ரொம்ப விரித்தால் கவ்வு வெடிக்கும்.

நக்கிள் விடுபட்டதும் வெளிப்பக்கம் சாயும். பிரேக் ஹோஸ் இழுபடாமலும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்மூட்டு பிரியாமலும் கம்பியால் கட்டி நிறுத்துங்கள். ஏபிஎஸ் சென்சர் ஒயரும் அங்கேதான் ஓடும், அதைக் கிளிப்பிலிருந்து முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

9. எடுத்ததைப் பார்ப்பது, புதியதை மாட்டுவது

பழைய போல்ட்டைத் துடைத்து வெர்னியரால் அளவெடுங்கள். தலைக்கு அடியில் ஒரு இடம், குழாய் உட்கார்ந்த நடுவில் ஒரு இடம், இரண்டாவது அளவைச் சற்றுத் திருப்பி மறுபடி. அளவுகள் ஒத்துப்போகாவிட்டால் தேய்வு. கண்ணாடிப் பலகையில் உருட்டினால் வளைவு தெரியும். புதிய நட்டை விரலால் ஏற்றும்போது நடுவழியில் நின்றால் மரை நீண்டிருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் குப்பை.

அப்புறம் பிராக்கெட்டின் ஓட்டை. இதைப் பார்க்காமல் மாட்டுகிறவர்கள்தான் அதிகம். புதிய போல்ட்டை வெறும் ஓட்டையில் நுழைத்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் ஆட்டம் கூடுதலாக இருந்தால் ஓட்டை முட்டையாகிவிட்டது. அதற்கு போல்ட் மருந்தில்லை, பிராக்கெட்டையோ சப்ஃப்ரேமையோ சரிசெய்ய வேண்டும். சுற்றியுள்ள தகட்டை ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் வேலையை நிறுத்துங்கள். காதுகளின் உட்பக்கம் குழாய் வந்து உட்காரும் முகத்தைத் துருவும் பெயின்ட்டும் இல்லாமல் வெறும் இரும்பாகத் துடையுங்கள். இடையில் பெயின்ட் இருந்தால் நாளாக ஆக அது நசுங்கும், பிடி தளரும். என் காரில் பட்டறைக்காரர் அடித்த கறுப்புப் பெயின்ட் அந்த முகத்திலும் இருந்தது.

துருவைத் தடுக்கும் பசையைப் போல்ட்டின் வழவழப்பான உடம்பில் மெல்லியதாகத் தடவலாம், அடுத்த முறை அறுக்க வேண்டிவராது. மரையில் மட்டும் கையேடு சொன்னால் ஒழியத் தடவாதீர்கள். இறுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் பிடியாக மாறுகிறது, மீதி தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வாகப் போகிறது. கையேட்டின் எண் அந்த உராய்வைக் கணக்கில் வைத்துத்தான் எழுதப்பட்டது. மரையில் பசை போட்டால் அதே எண்ணில் போல்ட் கூடுதலாக இழுபடும்.

எல்லா போல்ட்டையும் பழைய திசையிலேயே நுழையுங்கள், தலை முன்னால் இருந்தால் முன்னால்தான். நட்டுகளை விரலால் ஏற்றி, சாக்கெட்டால் தொடும் வரை மட்டும் இறுக்குங்கள்.

இப்போது நான் இரண்டாவது முறை செய்த தப்பு. கார் ஸ்டாண்டில் நிற்க, சக்கரம் கீழே தொங்க, அப்படியே முழு முறுக்குக்கு இறுக்கிவிட்டேன். ரப்பர் புஷ் அந்தத் தொங்கிய நிலையையே தன் ஓய்வு நிலையாக எடுத்துக்கொண்டது. காரை இறக்கியதும் ரப்பர் முறுகியே நின்றது, ஒவ்வொரு குழிக்கும் மேலும் முறுகியது. ஐந்து மாதத்தில் புதிய புஷ் கிழிந்தது.

சரியான முறை: ஆர்மின் வெளிமுனையில், பால் ஜாயின்ட்டுக்கு அருகே, நடுவில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் மெதுவாக உயர்த்துங்கள். ஏழாம் படியில் எழுதி ஒட்டிய அளவு வரும்வரை. கார் ஸ்டாண்டிலிருந்து எழும்ப ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். அப்படி எழும்பினால் சக்கரத்தை மாட்டி, சரிவுப் பலகை மேல் காரை ஏற்றித்தான் இறுக்க வேண்டும். அளவு வந்த நிலையில் ரப்பர் புஷ் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ரெஞ்ச்சை ஒரே சீராக இழுங்கள், "கிளிக்" கேட்டதும் விடுங்கள், ஆசைக்கு இன்னொரு கிளிக் வேண்டாம். ஸ்ட்ரட் போல்ட்டுக்கும் பால் ஜாயின்ட் போல்ட்டுக்கும் இந்த உயரக் கணக்கு கிடையாது, எந்த நிலையிலும் இறுக்கலாம்.

பால் ஜாயின்ட்டில் மேலே வெட்டுகள் உள்ள கிரீட நட்டும் அதைப் பூட்டும் கவட்டு ஊசியும் இருந்தால், சொன்ன அளவுக்கு இறுக்கிய பிறகு ஓட்டை நேராக வராவிட்டால் அடுத்த வெட்டு வரும்வரை முன்னோக்கி இறுக்குங்கள். பின்னோக்கித் தளர்த்தி ஊசி போடக் கூடாது.

இறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டிலும் நட்டிலிருந்து பிராக்கெட் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு. கோடு இல்லாத போல்ட் இறுக்காத போல்ட் என்று வைத்துக்கொண்டால் மறதிக்கு இடமில்லை.

10. அலைன்மென்ட்

ஆர்மையோ ஸ்ட்ரட் போல்ட்டையோ கேம் போல்ட்டையோ தொட்டிருந்தால் இது கட்டாயம். முதலில் மெதுவாகச் சில கிலோமீட்டர் ஓட்டி, நாலைந்து தடவை பிரேக் போட்டு சஸ்பென்ஷன் தன் இடத்தில் உட்காரட்டும். டயரில் காற்று சரியான அளவில் இருக்கட்டும். வேலைக்கு முன்னும் பின்னுமான கோணங்கள் இரண்டையும் அச்சிட்டு வாங்குங்கள், "எல்லாம் பச்சை" என்று வாயால் சொன்னால் போதாது. இடது, வலது கேம்பர் (சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருக்கும் கோணம்) இடையே பெரிய வித்தியாசம் மிச்சமிருந்தால், ஸ்ட்ரட் போல்ட் ஓட்டைக்குள் எங்கேயோ சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். அங்கேயே சொல்லித் தளர்த்தி மறுபடி இறுக்கச் சொல்லுங்கள், டார்க் ரெஞ்சால்.

11. திரும்பப் பார்க்கும் நாள்கள்

முதல் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் சக்கர நட்டுகளை ஒரு முறை டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். சஸ்பென்ஷன் போல்ட்டுகளில் பெயின்ட் கோடு உடையாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கோணக் கணக்கில் இறுக்கியவற்றை மறுபடி ரெஞ்ச் போட்டுச் சோதிக்கவே கூடாது, கூடுதலாக நீண்டுவிடும். கோடு விலகியிருந்தால் கழற்றிப் பார்க்க வேண்டும், அப்படியே இறுக்கிவிட்டுப் போகக் கூடாது.

அதன் பிறகு ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் டார்ச் அடித்து ஒரு பார்வை. கடலோரத்திலோ சாலையில் உப்புத் தூவும் குளிர்ப் பகுதியிலோ ஓட்டுகிறவர்கள் இன்னும் அடிக்கடி.

பில், பாக எண், எந்தப் பக்கம், எத்தனை நியூட்டன் மீட்டர், ஓடோமீட்டர் அளவு, இரண்டு அலைன்மென்ட் தாள்கள், இவற்றை ஒரே உறையில் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும்போதும் தகுதிச் சோதனையில் கேள்வி வரும்போதும் உதவும். நான் பழைய போல்ட்டையும் அதே உறையில் போட்டு வைத்திருக்கிறேன். மறுபக்க போல்ட்டை அடுத்த மாதம் உருவியபோது அதை இதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்த்தேன். அதில் தேய்வு இல்லை, ஆனாலும் புதியதையே போட்டேன்.